ஹாய் ஃபெங் தெங்: வாங்கும்போதும் காய்ச்சும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை, குளிர் வந்தால் கூடும் முழங்கால் வலி, மூட்டு இறுக்கம், மரத்துப்போகும் கைகால் ஆகியவற்றுக்குச் சீன வைத்தியர்கள் எழுதும் சரக்குகளில் ஒன்று ஹாய் ஃபெங் தெங். மிளகு, வெற்றிலை, திப்பிலியின் இனத்தைச் சேர்ந்த பைப்பர் கட்சூரா என்ற கொடியின் உலர்ந்த தண்டு இது. ஃபூஜியன், குவாங்டோங், ஜெஜியாங், தைவான் பகுதிகளில் மரத்தையும் பாறையையும் பற்றி ஏறும். பெரிய தவறுகள் அடுப்பில் ஏற்றும் முன்பே, கடையில் நடந்துவிடுகின்றன.

பெயரை மட்டும் சொல்லி வாங்குவது முதல் தவறு. சிங் ஃபெங் தெங் என்று ஒன்று உண்டு. பெயரில் ஓர் அசைதான் மாறுகிறது. செடியோ வேறு குடும்பம். அதிலுள்ள சினோமெனின் என்ற வேதிப்பொருள் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். தாவரப் பெயரில் 'கட்சூரா' இருக்கிறதே என்று நம்பிவிடவும் முடியாது. கட்சூரா ஹெட்டெரோக்ளிட்டா என்ற, மிளகோடு உறவே இல்லாத கொடியும் தென்சீனாவில் இதே பெயரில் விற்பனையாகிறது. சீட்டில் சீன எழுத்திலும், முழுத் தாவரப் பெயரோடும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, கையில் எடுத்துப் பாருங்கள். அசல் தண்டு சற்றுத் தட்டையான உருளை, 0.3 முதல் 2 செ.மீ. தடிமன். மேல்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு, சொரசொரப்பு, நீளவாக்கில் வரிகள். கணுக்கள் புடைத்து, அங்கே வேர் ஒட்டியிருந்த தடம் தெரியும். ஒரு கணுவுக்கும் அடுத்ததற்கும் 3 முதல் 12 செ.மீ. இடைவெளி. எடை குறைவு, எளிதில் முறியும். குறுக்குவெட்டில் நிறையத் துளைகளும், நடுவிலிருந்து விரியும் வெளிர்க் கோடுகளும் இருக்கும். சிங் ஃபெங் தெங்கின் வெட்டிலும் இப்படிச் சக்கர ஆரம் போன்ற கோடுகள் உண்டு என்பதால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. முறித்து முகருங்கள், அசலில் நறுமணம் வரும், வாயில் லேசான கசப்போடு காரம் தட்டும். சிங் ஃபெங் தெங்கில் மணம் மிகக் குறைவு, வெறும் கசப்பு. தண்டு தடித்து, பட்டை தக்கைபோல் மெத்தென்று உரிந்தால் அது கட்சூரா ஹெட்டெரோக்ளிட்டாவாக இருக்கலாம்.

பொடியாக ஒருபோதும் வாங்காதீர்கள். பொடியில் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. மூலிகை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் கசப்பான சாட்சி. 1990களின் தொடக்கத்தில், உடல் மெலிய எடுத்த மருந்தில் ஒரு சீன வேருக்குப் பதில் அரிஸ்டொலோகியா இனத்து வேர் கலந்ததால் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. அந்த இனத்தைச் சேர்ந்த குவான் மூதோங் என்ற கொடித்தண்டைச் சீனா 2003இல் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கண்டந்திப்பிலியும் இதே இனம்தான். அதற்காக ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போடக் கூடாது. சத்தும் அளவும் பயனும் வேறு.

சீன மருந்து நூலின்படி நாளொன்றுக்கு 6 முதல் 12 கிராம். கைப்பிடி அளவில் போடாமல் தராசில் நிறுங்கள். துண்டுகள் 2 முதல் 4 மி.மீ. கனத்தில் இருப்பது நல்லது. கட்டையாகப் போட்டால் சாறு இறங்காது. தூசு போக ஒருமுறை அலசி, குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்த நீரிலேயே காய்ச்சுங்கள். பலர் ஊறிய நீரைக் கொட்டிவிடுகிறார்கள்; கரைந்த சத்தும் அதோடு போகும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம், மண்சட்டி உத்தமம். கொதித்ததும் தீயைத் தணித்து, மூடி 20 முதல் 30 நிமிடம் போதும். மரத்தண்டுதானே என்று மணிக்கணக்கில் திறந்து கொதிக்கவிட்டால் மணமுள்ள எண்ணெய் ஆவியாகிவிடும். இரண்டாம் முறையும் நீர் ஊற்றிக் காய்ச்சி, இரண்டையும் கலந்து இருவேளையாகக் குடிப்பது வழக்கம்.

மணம் போன, பூசணம் பிடித்த தண்டைத் தூக்கி எறியுங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

எல்லா மூட்டு வலிக்கும் இது ஆகாது. இது சற்றுச் சூடான சரக்கு. குளிர், ஈரத்தால் வரும் வலிக்கே சீன வைத்தியர்கள் கொடுப்பார்கள். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் கொதித்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முடக்குவாதத்துக்கு எடுக்கும் மாத்திரையை இதற்காக நிறுத்தவும் கூடாது.

இந்தக் கொடியிலிருந்து பிரித்த கட்சூரெனோன் என்ற பொருள், ரத்தத் தட்டணுக்களைத் திரளவைக்கும் ஒரு காரணியைத் தடுப்பதாக 1985இல் ஆய்வகத்தில் கண்டார்கள். வீட்டுக் கஷாயத்திலும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை எடுப்பவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம்.