எந்த இடத்து வோல்ற்றளவு?

சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சூத்திரங்கள் தண்ணீர் பட்ட பாடு. வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு. ஆனாலும் ஹட்டனில் என் மாலை வகுப்பில் திருத்தும் தாள்களில் விடை பிழைத்துத்தான் வருகிறது. பிழை பெருக்கலில் இல்லை. கண்ணில் படும் வோல்ற்றளவைத் தூக்கிச் சூத்திரத்தில் போட்டுவிடுவதில் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீட்டை எடுத்துக்கொள்வோம். மின்சாரக் கேத்தலின் அடியில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று இருக்கிறது. மாலையில் எல்லா வீட்டிலும் கரண்ட் இழுக்கும் நேரம், அங்கே 190 வோல்ற்றுதான் வருகிறது என்று வையுங்கள். மின்னோட்டம் எவ்வளவு? 2000ஐ 190ஆல் வகுத்து 10.5 அம்பியர் என்று பலர் எழுதுகிறார்கள். வோல்ற்றளவு குறைந்ததும் அதே கம்பியில் மின்னோட்டம் கூடுமா? அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்த 2000 வாற்று 230 வோல்ற்று கிடைத்தால் மட்டுமே. அநேகமாக மாறாமல் இருப்பது சூடாக்கும் சுருளின் தடை. 230ஐ வர்க்கித்து 2000ஆல் வகுத்தால் சுமார் 26.5 ஓம். அப்படியானால் மின்னோட்டம் ஏறக்குறைய 7.2 அம்பியர், வலு 1365 வாற்று. கேத்தல் கொதிக்க ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் எடுப்பது இதனால்தான்.

மின்குமிழின் இழையைக் கேத்தல் சுருள் மாதிரி நினைத்துவிடக் கூடாது. 100 வாற்று இழை மின்குமிழைக் கழற்றி மானியால் அளந்தால் 40 ஓம் அளவில்தான் காட்டும். 230ஐ வர்க்கித்து 100ஆல் வகுக்கும் கணக்குப்படி 529 ஓம். "மீட்டர் பழுது, சேர்" என்பார்கள். மீட்டர் சரி. எரியும்போது தங்குதன் இழை 2000 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடாகும், தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறும். குளிரில் அளந்த தடையை வைத்து எரியும் குமிழின் வலுவைக் கணிக்க முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது வயர் கணக்கு. கேத்தலுக்குப் போய்த் திரும்பும் வயரின் தடை 2 ஓம், தொடக்கத்தில் 230 வோல்ற்று என்றால், வயரில் வீணாகும் வலு எவ்வளவு? 230ஐ வர்க்கித்து 2ஆல் வகுத்து 26,450 வாற்று என்று எழுதுகிறார்கள். அவ்வளவு போனால் வயர் எரிந்துவிடும்! 230 என்பது வயருக்கும் கேத்தலுக்கும் சேர்த்து. மொத்தத் தடை 28.5 ஓம், மின்னோட்டம் சுமார் 8.1 அம்பியர், வயரின் பங்கு 16 வோல்ற்று மட்டுமே. வீணாவது 130 வாற்று அளவு. லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து தேயிலை மலைகளுக்கு மேலாகப் போகும் 1,32,000 வோல்ற்றுக் கம்பிகளுக்கும் இதே கதைதான். அந்த எண் கம்பிகளுக்கு இடையில் உள்ளது, ஒரு கம்பியின் இரு முனைகளுக்கு இடையில் உள்ளதல்ல. வயர் இழப்புக்கு மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள், தடுமாற்றம் வராது.

மில்லி அம்பியரை மாற்ற மறப்பதும் உண்டு. 3 வோல்ற்று, 250 மில்லி அம்பியர் என்றால் தடை 12 ஓம், 0.012 அல்ல. அப்புறம், தேயிலைத் தொழிற்சாலை மோட்டருக்கு வோல்ற்றையும் அம்பியரையும் வெறுமனே பெருக்கினால் உண்மை வலு வராது, வலுக்காரணியையும் (அந்தப் பெருக்கத்தில் உண்மை வலுவாகும் பங்கையும்) கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அம்பியர்மானியைச் சுவர்ப் ப்ளக்கில் நேரே செருகாதீர்கள். அதன் தடை மிகச் சிறியது, செருகியதும் குறுஞ்சுற்றாகிவிடும். பயிற்சிக்கு இரண்டு டோர்ச் பற்றரியும் ஒரு சின்னக் குமிழும் போதும்.