தீபாவளியன்று வயிறு உப்பாமல் இருக்க: முதல் நாள் லேகியம் முதல் மறுநாள் கஞ்சி வரை

தீபாவளி ராத்திரி வயிறு கல் மாதிரி இருந்தால் எல்லோரும் மதியப் பிரியாணியைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் அன்றைய கணக்கு விடியற்காலை 5 மணிக்கே தொடங்கிவிடுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் ஒரு அதிரசம், சாமி கும்பிட்டதும் இரண்டு வடை, 8 மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும், 10 மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டு, நடுநடுவே கை போகிற மிக்சர் டப்பா. இரவு வரை இரைப்பை ஒரு தடவைகூடக் காலியாவதில்லை.

எண்ணெயும் நெய்யும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகலாம். அது இறங்கி வயிறு காலியானால், சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையும் சிறுகுடலும் அலை அலையாகச் சுருங்கி, மிச்சமீதியை வாசல் கூட்டுவது போல் கீழே தள்ளும். வாயில் ஒரு முறுக்கு விழுந்தாலும் அந்த வேலை நின்றுவிடும். ஆகவே இந்தச் செய்முறையில் எந்தப் பலகாரத்துக்கும் தடை இல்லை. இடைவெளி விட்டுச் சாப்பிடுவதுதான் நோக்கம்.

படி 1: முதல் நாளே லேகியம் கிளறி வையுங்கள்

நாட்டு மருந்துக் கடையில் 'தீபாவளி மருந்துச் சாமான்' என்று கேட்டால் பொட்டலமாகவே கட்டிக் கொடுப்பார்கள். தனித்தனியாக வாங்குவதானால் சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, ஓமம், சீரகம், மல்லி ஆகியவை தலா 10 கிராம்; கண்டந்திப்பிலி, சித்தரத்தை தலா 5 கிராம். கூடவே வெல்லம் 125 கிராம், நெய் 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி, தேன் 1 மேசைக்கரண்டி. இது நாலைந்து பேருக்குத் தாராளம்.

சுக்கையும் சித்தரத்தையையும் முழுசாக மிக்சியில் போடாதீர்கள், பிளேடு போய்விடும். உரலில் நசுக்கிக்கொண்டு, மற்ற சாமான்களோடு வெறும் வாணலியில் வாசனை வரும்வரை லேசாகச் சூடு காட்டுங்கள். கருகினால் கசக்கும். ஆறியதும் அரைத்துச் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் நாரைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

வெல்லத்தை முக்கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான வாணலியில் கொதிக்க விடுங்கள். பாகுப் பதமெல்லாம் பார்க்க வேண்டாம். நன்றாகக் கொதித்ததும் அடுப்பைக் குறைத்து, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். இறுகத் தொடங்கும்போது நல்லெண்ணெய், பிறகு நெய், இரண்டையும் சிறுகச் சிறுக விடுங்கள். முதலில் ஊற்றிய நெய்யெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் கரண்டியோடு மொத்தமும் திரண்டு, வாணலியில் ஒட்டாமல் சுழன்று, ஓரத்தில் நெய் பளபளவென்று கசியும். அதுதான் பதம். இன்னும் கொஞ்சம் இறுகட்டுமே என்று விட்டால் ஆறிய பிறகு கரண்டி இறங்காது. சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் தேன்.

மறுநாள் குளித்துவிட்டு வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிடுவது வழக்கம். முதல் முறை சாப்பிடுபவர்கள் சுண்டைக்காய் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம், காரம் தொண்டையைப் பிடிக்கும். இஞ்சிக்கும் சுக்குக்கும் சாப்பாட்டை இரைப்பையிலிருந்து சற்று வேகமாக இறங்க வைக்கும் குணம் உண்டு. அதற்காக, லேகியம் சாப்பிட்டாயிற்று, இனி 8 லட்டு சாப்பிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது அனுமதிச் சீட்டு இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இருக்கும் வெல்லத்தையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும். நெஞ்செரிச்சல், அல்சர் இருப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் மிளகும் திப்பிலியும் சரிப்படாது. சில வீடுகளில் அதிமதுரம் சேர்ப்பார்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கும் வீட்டில் அதை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

படி 2: உங்கள் வயிற்றுக்கு எது எதிரி என்று பாருங்கள்

பால்கோவாவும் மைசூர்பாகும் வயிற்றை உப்ப வைப்பது ஒரே காரணத்தால் அல்ல. பால்கோவா, பாசந்தி, பால் பாயசம் இவற்றில் பால் சர்க்கரையான லாக்டோஸ் இருக்கிறது. நம்மில் பெரியவர்கள் பலருக்கு அதை உடைக்கும் நொதி குறைவு. பால் இனிப்பு சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வயிறு கடமுடவென்றால் சந்தேகம் அதன் மேல்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நெய் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது, அதில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம்.

மைசூர்பாகு, லட்டு, பஜ்ஜி, ஓமப்பொடி எல்லாம் கடலை மாவு. பருப்பு வகைகளில் உள்ள சில சர்க்கரைகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். இந்த உப்பசம் சில மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால்தான் காலையில் தின்ற பஜ்ஜிக்கு மதியச் சாம்பார் பழி சுமக்கிறது. கடலை மாவு ஒத்துக்கொள்ளாதவர்கள் தேன்குழல், பயத்தம்பருப்பு உருண்டை பக்கம் போகலாம். பலருக்கு அது கொஞ்சம் இலகு.

'சுகர் ஃப்ரீ' இனிப்பு வாங்குபவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சார்பிட்டால், மால்டிட்டால் என்று போட்டிருந்தால் அதிகம் வேண்டாம். அதுவும் வாயுவைத்தான் கிளப்பும், கூடவே வயிற்றுப்போக்கும் வரலாம்.

படி 3: காலைப் பலகாரத்தை ஒரே வேளையாக்குங்கள்

லேகியத்துக்கு அரை மணி நேரம் கழித்து இட்லி, வடை, இனிப்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள். பிறகு மதியம் வரை தண்ணீர், வெறும் சீரகத் தண்ணீர், இவ்வளவுதான். மிக்சர் டப்பாவைக் கூடத்து மேஜையிலிருந்து எடுத்து அடுக்களைப் பரண் மேல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 4: பக்கத்து வீட்டுத் தட்டு

உண்மையில் கஷ்டமான படி இதுதான். "ஒண்ணே ஒண்ணு, நானே செஞ்சது" என்று அத்தை தட்டை நீட்டும்போது லாக்டோஸ் பற்றிப் பேச முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம். தட்டைக் கையில் வாங்கி, ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, "பதம் நல்லா வந்திருக்கு அத்தை, மீதியை வீட்டுக்குக் கட்டிக் கொடுங்க" என்று கேளுங்கள். சந்தோஷமாக இரண்டு கூடவே வைத்துக் கட்டுவார்கள். அது நாளைக்கு.

படி 5: மதியச் சாப்பாடு

பசி வந்த பிறகு உட்காருங்கள், மணி பார்த்து அல்ல. வேகமாக விழுங்கினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். இலைச் சாப்பாடு என்றால் குழம்புச் சோற்றைக் குறைத்து ரசத்துக்கும் மோருக்கும் இடம் வையுங்கள். மோரில் பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டால் நல்லது. பிரியாணி என்றால் தயிர்ப் பச்சடியில் வெங்காயத்தைக் குறைத்து வெள்ளரிக்காயைக் கூட்டுங்கள். பச்சை வெங்காயமும் வாயு கிளப்புகிற ஆள்தான்.

சாப்பிட்டதும் சோடா குடித்து ஏப்பம் விட்டு, "இப்பதான் இறங்குச்சு" என்பவர்கள் உண்டு. வெளியே வருவதில் பெரும்பங்கு அந்தச் சோடாவில் இருந்த வாயுவேதான்.

படி 6: படுக்காதீர்கள்

பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ மெதுவாக நடங்கள். கண்ணைச் சுழற்றினால் சாய்வு நாற்காலி போதும். படுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் கழித்து, இடது பக்கமாகத் திரும்பிப் படுங்கள். எதுக்களிப்பு குறையும்.

இதையும் மீறி உப்பிவிட்டால் ஒரு தேக்கரண்டி ஓமத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஒரு டம்ளராக வற்றியதும் வெதுவெதுப்பாகக் குடியுங்கள். இரவு ரசம் சாதமோ மோர் சாதமோ போதும், பசி இல்லையென்றால் அதுவும் வேண்டாம். செரிமானத்துக்கென்று கடையில் விற்கும், தண்ணீரில் போட்டால் பொங்கி வரும் உப்புத் தூளில் சோடியம் அதிகம். பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் 'கேஸ்தான்' என்று ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். விடாத வாந்தி, மலத்தில் ரத்தம், வாயுவும் மலமும் பிரியாமல் வயிறு வீங்கி வலிப்பது, இதற்கெல்லாமும் ஆஸ்பத்திரிதான்.

மறுநாள் காலையில் கஞ்சியோ இட்லியோ, கூட இஞ்சித் துவையல். மிச்சப் பலகாரத்தில் பால் இனிப்பை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள். முறுக்கும் அதிரசமும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும், அவசரமே இல்லை. லேகியம் மீந்தால் அதையும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள்.