அழைப்பிதழ் ஒன்றை வைத்து எழுத்தமைப்பைக் கற்பது எப்படி?

வரைகலை கற்கத் தொடங்குகிறவர்கள் படம், வண்ணம், மென்பொருள் ஆகியவற்றில் பெரும்பொழுதைச் செலவிட்டுவிட்டு எழுத்தைக் கடைசியில் நிரப்பும் பொருளாகவே கருதுகிறார்கள். டைப்போகிராபி எனப்படும் எழுத்தமைப்புக்கான பாடங்களும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே நடத்தப்படுகின்றன. பெரிய எழுத்து (A), சிறிய எழுத்து (a), சாய்வெழுத்து என்று அங்கே சொல்லப்படும் கருவிகளில் முதல் இரண்டும் தமிழில் இல்லை. மூன்றாவது நம் மரபில் வேரூன்றவில்லை. ஆகவே தமிழில் வேலை செய்யப்போகிறவர் தமிழ் எழுத்தை வைத்தே அடிப்படையைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தையும் மயிலாடுதுறையையும் சுற்றியுள்ள ஊர்களில் குடமுழுக்கு அழைப்பிதழுக்கு என்றும் பஞ்சமில்லை. கோயிலின் பெயர், நாள், நல்ல நேரம், யாகசாலை நிகழ்ச்சி நிரல், உபயதாரர்களின் நீண்ட பெயர்ப் பட்டியல், தொலைபேசி எண் என எழுத்தமைப்பின் ஏறக்குறைய எல்லாச் சிக்கல்களும் அந்த ஒரு தாளில் இருக்கின்றன. வீட்டுக்கு வந்த பழைய அழைப்பிதழ் ஒன்றின் வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்துகொண்டு, கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றையும் அதில் செய்து பார்க்கலாம்.

முதலில் எழுத்தைப் பாருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. 1010-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோயிலின் அடித்தளத்தில் கல்வெட்டு வரிகள் நீண்டு ஓடுகின்றன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, புள்ளியும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் சற்று விலகி நின்று பார்த்தால் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் தோன்றாமல், வரி முழுவதும் ஒரே அடர்த்தியுடன் தெரியும். அந்த அடர்த்தியைக் கண்ணால் உணரப் பழகுவதே எழுத்தமைப்பின் முதற்பாடம். உங்கள் அழைப்பிதழையும் கண்ணைச் சற்றே சுருக்கிப் பாருங்கள். எங்கே கருப்புத் திட்டு விழுகிறதோ, எங்கே வெள்ளை ஓட்டை தெரிகிறதோ, அங்கேதான் வேலை மிச்சமிருக்கிறது.

அடுத்து, எழுத்தின் உயரங்களைப் பிரித்துப் பாருங்கள். ஒரு தாளில் கோடு கிழித்து அதன்மேல் ட, ப, ம என்று எழுதினால், மூன்றும் கோட்டின்மேல் நின்று ஏறக்குறைய ஒரே உயரத்தில் முடியும். இதை எழுத்தின் உடல் என்று கொள்ளலாம். புள்ளியும், கி, கீ போன்றவற்றின் விசிறிகளும் உடலுக்கு மேலே எழும்பும். கு, மு, ழு ஆகியவற்றின் சுழிப்பும், பெரும்பாலான எழுத்துருக்களில் (ஃபான்ட்) த, ற, ழ, ஞ ஆகியவற்றின் அடிப்பகுதியும் கோட்டுக்குக் கீழே இறங்கும். அகலமும் ஒன்றுபோல் இல்லை: ர, ட ஒடுங்கியவை, ண, ஞ, ணை இடத்தை விரித்துக்கொள்பவை. மேலும் கீழும் பக்கவாட்டிலும் இப்படி விரியும் எழுத்து என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இடைவெளி பற்றிய விதிகளில் பெரும்பகுதியை நீங்களே வருவித்துக்கொள்ள முடியும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தல்

எழுத்துருவின் பெயரையோ தலைப்பில் அது தரும் பகட்டையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். அழைப்பிதழின் மிகச் சிறிய எழுத்து எந்த அளவில் அச்சாகுமோ, அந்த அளவில் சில சொற்களை அச்சிட்டுப் பாருங்கள். ‘காரம்’ என்ற சொல்லில் காலும் ரகரமும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் வேறுபட்டுத் தெரிகின்றனவா? எ, ஏ இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு சிறு கீற்றுதான். ஒ, ஓ இரண்டுக்கும் இடையில் ஒரு சுழி. இவை 9 பாயின்ட் என்னும் சிறிய அளவில் அழியாமல் நிற்கின்றனவா? ஞ, ண ஆகியவற்றின் உள்வெளி அடைபடாமல் இருக்கிறதா? ஸ்ரீ, க்ஷ இரண்டும் ஒழுங்காக உருவாகின்றனவா? இந்தச் சோதனையில் தேறாத எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயர்ப் பட்டியலுக்கு உதவாது.

இரண்டாவதாக, அந்த எழுத்துரு எத்தனை தடிமன்களில் வரைந்து தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே தடிமன் மட்டும் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளில் ‘போல்டு’ பொத்தானை அழுத்தினால், கணினி ஓரங்களைச் செயற்கையாக ஊதிப் பெருக்குகிறது. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சாய்வெழுத்துப் பொத்தானும் இப்படித்தான் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. அதைத் தமிழில் தொடாமல் இருப்பதே மேல். முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவை பல தடிமன்களில் வரையப்பட்டவை, கட்டணமின்றிக் கிடைப்பவை, வணிக வேலைகளுக்கும் பயன்படுத்தத் தக்க திறந்த உரிமம் உடையவை. தொடக்கநிலையில் இவற்றுள் ஒரே குடும்பத்தை எடுத்துக்கொண்டு முழு அழைப்பிதழையும் அமைத்துப் பழகுவது, ஐந்து எழுத்துருக்களைக் கலப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். இரண்டாவது எழுத்துரு வேண்டுமென்றால் கோயில் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பழமைத் தோற்றம் வேண்டி ணை, லை, னை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவம் கொண்ட எழுத்துருவைச் சிலர் விரும்புவார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பிறகு பள்ளியில் பயின்ற தலைமுறைக்கு அவ்வடிவங்கள் பழக்கமில்லை. தலைப்பில் ஓர் இடத்தில் அழகுக்காக வரலாம். நிகழ்ச்சி நிரலில் வேண்டாம்.

அளவு

எழுத்தின் அளவு பாயின்டில் கணக்கிடப்படுகிறது. 72 பாயின்ட் ஓர் அங்குலம். அளவைத் தீர்மானிப்பது அழகு மட்டுமன்று, தாளின் செலவும்தான் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளிகளும் 1713-இல் தமிழ் அச்சு வேலையைத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு முழு நூலை அச்சிட்டால் கைவசம் இருந்த தாள் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். உபயதாரர் பட்டியல் நீள நீள எழுத்தைச் சிறிதாக்கும் அச்சகத்தாரும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறார். அந்நெருக்கடியில் 9 பாயின்டுக்குக் கீழே இறங்குவதைவிட ஒரு மடிப்பைக் கூடுதலாகச் சேர்ப்பதே முறை; ஏனெனில் அழைப்பிதழைக் கையில் வாங்கி முதலில் படிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டின் மூத்தவர்கள். கையில் பிடித்துப் படிக்கும் தாளுக்கு 10 அல்லது 11 பாயின்ட் நல்ல தொடக்கம்.

சுவரொட்டிக்கும் பிளக்ஸ் பேனருக்கும் கணக்கு வேறு. பத்தடி தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகைத் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு; அது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துச் சொல்லப்படுவது. சுழிகள் மிகுந்த தமிழ் எழுத்துக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுங்கள்.

இடைவெளி

கற்பவர் அதிகம் தங்கிப் பயில வேண்டிய இடம் இதுதான். மேல் வரியில் ‘திருக்குடமுழுக்கு’ என்றும் அதற்கு நேர் கீழே ‘நிகழ்ச்சி நிரல்’ என்றும் அமைத்துப் பாருங்கள். மேல் வரியில் மு, ழு, கு மூன்றும் கீழே இறங்குகின்றன. கீழ் வரியில் நி, ழ், ச், சி நான்கும் மேலே எழும்புகின்றன. ஆங்கிலப் பாடங்களில் சொல்லப்படும் 120 விழுக்காட்டு வரி இடைவெளியைக் கொடுத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும், அல்லது மோதுவதுபோல் தோன்றும். பத்திகளுக்கு 140 முதல் 160 விழுக்காடு வரை, அதாவது 10 பாயின்ட் எழுத்துக்கு 14 முதல் 16 பாயின்ட் வரை கொடுத்துப் பார்த்து, உங்கள் எழுத்துருவுக்குப் பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள். பெரிய தலைப்புகளில் இதே விகிதம் அளவுக்கு மீறித் தெரியும். அங்கே எழுத்துகள் மோதாத வரை குறைத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டுவதில் மிகுந்த கவனம் தேவை. ‘கொடியேற்றம்’ என்ற சொல்லில் கொ என்பது ஓர் எழுத்து. அதில் கொம்பும் ககரமும் காலும் சேர்ந்து நிற்கின்றன. இடைவெளியைக் கூட்டினால் பல மென்பொருள்களில் அந்த மூன்றும் தனித்தனியே விலகி, கொம்பு தனித்து நிற்பதுபோலவும் கால் பிந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டதுபோலவும் தோன்றும். படிப்பவர் ஒரு கணம் தடுக்கி விழுந்து எழுந்துதான் மேலே செல்வார். நடவு வயலில் நாற்றுக்கு நாற்று விடும் வெளி ஒரு சீராக இருப்பதுபோல இங்கும் சீர்தான் முக்கியம். எழுத்துருவை வரைந்தவர் வைத்த இடைவெளியை அப்படியே விட்டுவிடுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தமிழ்ச் சொற்கள் ஒட்டொட்டாகச் சேர்ந்து நீள்வதால், குறுகிய பத்தியை இருபுறமும் நேராக்கினால் சொற்களுக்கிடையில் பெரும் பள்ளங்கள் விழும். ஒரு வரியில் ஐந்து முதல் ஏழு சொற்களுக்கு இடமில்லையென்றால் இடப்புறம் மட்டும் நேராக்கி வலப்புறத்தை விட்டுவிடுங்கள். சொல்லைப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் எந்த வரியும் புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது: ‘அருள்மிகு’ என்பதை அருள், மிகு என்று பிரிக்கலாம், அரு, ள்மிகு என்று பிரிக்க இயலாது. அழைப்பிதழில் பொருள் முடியும் இடத்தில் வரியை நீங்களே முடிப்பது இன்னும் நல்லது. ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்ற தொடரில் எண் ஒரு வரியிலும் மணி அடுத்த வரியிலுமாகப் பிரிந்தால், நல்ல நேரத்தைத் தவறாகப் படிக்க வழி ஏற்படும்.

எது முதலில் கண்ணில் பட வேண்டும்

அழைப்பிதழைப் பெறுகிறவர் அறிய விரும்புவது எந்தக் கோயில், எந்த நாள், எத்தனை மணி என்பதைத்தான். ஆனால் நம் ஊர்த் தாள்கள் பலவற்றில் பிரமுகர்களின் பெயர்கள் நேரத்தைவிடப் பெரிதாக அச்சாகின்றன. பெயர்களுக்கு உரிய மரியாதையை இடத்தாலும் வரிசையாலும் தரலாம். அளவால் தர வேண்டியதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாத தமிழில் அளவு, தடிமன், வெற்றிடம், வண்ணம் ஆகிய நான்கே நம் கையில் உள்ளன. ஓரிடத்தில் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மாற்றினால் போதும். நிழல், வெளிக்கோடு, படிப்படியாக நிறம் மாறும் பொன்வண்ணம் மூன்றையும் ஒரே சொல்லுக்கு இடுவதால் சொல் பெரிதாவதில்லை. அதன் உருவம் கலங்குகிறது. 10, 14, 28 பாயின்ட் என மூன்று அளவுகளுக்குள் முழு அழைப்பிதழையும் அமைத்துப் பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த உரைநூல் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் பார்த்தால், மூலம், உரை, அடிக்குறிப்பு என்னும் அடுக்குகள் கருப்பு மை ஒன்றைக் கொண்டே எப்படிப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன என்பது விளங்கும்.

எண்களும் ஆங்கிலச் சொற்களும் இடையே வரும்போது ஒரே பாயின்ட் அளவில் அவை பெரிதாகவோ சிறிதாகவோ தெரியக்கூடும். எண்ணின் உயரத்தைப் பக்கத்திலுள்ள டகரத்தின் உயரத்தோடு ஒப்பிட்டு, உறுத்தாத அளவுக்கு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

வாசகத்தை யூனிகோடு என்னும் பொதுக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்யுங்கள். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை பழகுவதற்கு எளியது. பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் திறக்கும். இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கட்டணமின்றிக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பிலும் ஸ்கிரைபஸின் புதிய பதிப்புகளிலும் தமிழ் ஒழுங்காகவே அமைகிறது. ‘கௌ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கெள’ என்று ளகரம் இட்டுத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை தேடித் திருத்துங்கள். கௌரி, கௌதமன் என்ற பெயர்களில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. பிறகு உண்மை அளவிலேயே ஒரு படி அச்சிட்டு, வாசகத்தை அறியாத ஒருவரிடம் கொடுத்து, நாளையும் நேரத்தையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் விரல் தாளில் எங்கெங்கு அலைகிறதோ அங்கே அளவையும் வெற்றிடத்தையும் திருத்திவிட்டு, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அச்சகத்துக்கு அனுப்புங்கள். திருத்தம் வந்தால் கைகொடுக்க, எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது தட்டச்சில் திருத்த முடியாத வரைவடிவமாக, மாற்றாத மூலக்கோப்பு ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.