கோயில் வாசல்ல புது முகம் வந்தா என்ன செய்யிறது: முதல்தரம் வரவேற்பில நிக்கிற ஆக்களுக்கு

ஞாயிறு பூசைக்கு வாசல்ல நிண்டு ஆக்களை வரவேற்கச் சொல்லி பாதர் உங்களைப் பிடிச்சு விட்டிருந்தா இது உங்களுக்குத்தான். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கோயிலை வைச்சு எழுதிறன், தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆக்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. ஆர் வருவினம் எண்டு முதல் யோசியுங்கோ

மலையகம், மட்டக்களப்பு, மன்னாரில இருந்து கம்பஸுக்கு வந்து திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் ரூம் எடுத்து இருக்கிற பிள்ளையள். மாற்றலாகி வந்த பாங்க் உத்தியோகத்தர். பெரியாஸ்பத்திரி வாட்டில ஆளை வைச்சிட்டு வன்னியில இருந்து வந்து நிக்கிற அம்மா. லீவில வாற கனடாக் குடும்பம், அதில பிள்ளையளுக்குத் தமிழ் அரைகுறை. சிங்களம் மட்டும் தெரிஞ்ச ஆக்கள். அந்தோனியார் கோயில் எண்டா செவ்வாய்க்கிழமையில நேர்த்தியோட வாற சைவ ஆக்களும் கனபேர். எல்லாருக்கும் ஒரே தேவை இல்லை, ஆஸ்பத்திரி அம்மாவுக்கு முகம் கழுவத் தண்ணியும் கொஞ்ச நேரம் இருக்க இடமும் காணும், கம்பஸ் பிள்ளைக்குத் தன்ர வயசில கதைக்க ஒராள் வேணும்.

2. நிக்கிற இடம்

பூசைக்கு 20 நிமிசம் முந்தியே போய் கேற்றடியில நில்லுங்கோ, கதவுக்கு உள்ளுக்கு இல்லை, ஏனெண்டா புதுசா வாறவை தயங்கி நிக்கிறது கேற்றடியிலதான். ஒரு ஆணும் ஒரு பெண்ணுமா நிண்டா நல்லம், ஒராளுக்கு கொஞ்சம் சிங்களம் தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லம். வழமையா வாற எங்கட ஆக்கள் வாங்கின்ர வெளி நுனியில இருந்துகொண்டு நகர மாட்டினம், புது ஆள் அவையின்ர முழங்காலைத் தாண்டித்தான் உள்ளுக்குப் போக வேண்டிக்கிடக்கு, அதால முன்கூட்டியே "அக்கா கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி இருங்கோ" எண்டு சொல்லி நுனியை வெறுமையா வைச்சிருங்கோ.

3. முதல் கதை

"வாங்கோ" எண்டு சிரிச்ச முகத்தோட சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுது. மிச்சப் பாதியிலதான் நாங்கள் பிழை விடுறது. "எவடம்? சொந்த இடம் எது? ஆற்ற பிள்ளை?" எண்டு கேக்கிற பழக்கம் எங்கட ஊரில இருக்கு, கேக்கிறவர் அன்பாத்தான் கேப்பார், ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னால சாதியை அறியிற கணக்கு ஒண்டு இருக்கெண்டு கேக்கிறவருக்கும் தெரியும் பதில் சொல்லுறவருக்கும் தெரியும். எந்த ஊர், ஊரில எந்தப் பக்கம் எண்டு சொன்ன உடன முகம் மாறுறதைக் கண்டு பேந்து அந்தக் கோயில் பக்கமே வராத ஆக்கள் இருக்கினம். கோயில் வாசல்ல இது வேண்டாம், வேண்டவே வேண்டாம். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டையால வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கமா நடந்து தென்மராட்சிக்குப் போய் பள்ளிக்கூடத்திலயும் கோயில் விறாந்தையிலயும் படுத்தெழும்பின சனம் நாங்கள், இடமில்லாமல் நிக்கிறது என்னெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அப்ப என்ன கேக்கிறது? முதல் உங்கட பேரைச் சொல்லுங்கோ. "நான் இன்னார், உங்களை முந்திக் கண்ட ஞாபகம் இல்லை" எண்டு சொன்னா காணும், அவை தாங்களாச் சொல்லுவினம். "முதல்தரமே வாறியள்?" எண்டு கேட்டா, பத்து வருசமா விடியப் பூசைக்கு வாறவருக்கு மனம் நொந்து போகும். புருசன் எங்க, பிள்ளையள் எத்தினை எண்டும் கேக்காதேங்கோ, இங்க கன வீடுகளில அதுக்குப் பதில் சொல்லுறது லேசில்லை. சிங்கள ஆக்களுக்கு "ஆயுபோவன், வாடி வென்ன" (வணக்கம், இருங்கோ) எண்டு சொல்லி இடத்தைக் காட்டுங்கோ, உச்சரிப்பு பிழைச்சாலும் பரவாயில்லை.

4. பூசைக்குள்ள

பாட்டுப் புத்தகத்தைச் சும்மா நீட்டாமல் பக்கத்தை எடுத்துக் குடுங்கோ. கிட்ட ஒராளை இருத்துங்கோ, எப்ப எழும்பிறது எப்ப முழந்தாளில நிக்கிறது எண்டு பாத்துச் செய்வினம்.

கவனமா இருக்கவேண்டியது நன்மை (பூசையில பாதர் குடுக்கிற அப்பம்) எடுக்கிற நேரம். சைவ ஆக்கள் கோயில் பிரசாதம் மாதிரி நினைச்சு வரிசையில வந்திடுவினம், வரிசையில வைச்சு மறிச்சா அவைக்குப் பெரிய அவமானம். அதால பூசை துவங்க முன்னமே மெதுவா, "திருமுழுக்குப் பெற்று முதல் நன்மை எடுத்தவைதான் வாங்குறது, நீங்கள் கையை நெஞ்சில குறுக்கா வைச்சுக்கொண்டு வந்தா பாதர் ஆசீர்வாதம் தருவார், இல்லாட்டி இருந்து செபிக்கலாம்" எண்டு சொல்லி வையுங்கோ. உங்கட கோயிலில அப்பிடி ஆசீர்வாதம் குடுக்கிறவையோ எண்டு பாதரை முதலே கேளுங்கோ. மற்றச் சபைகளில நடைமுறை வேற, போதகரைக் கேளுங்கோ.

புது ஆக்களை எழும்பி நிக்கச் சொல்லி கைதட்டுறதை விடுங்கோ. வெக்கத்தில அடுத்த கிழமை வரமாட்டினம்.

5. பூசை முடிஞ்ச உடன

இந்த அஞ்சு நிமிசம்தான் முக்கியம். எல்லாரும் வேம்புக்குக் கீழ நிண்டு தங்கட சொந்தக்காரரோட கதைப்பினம், புது ஆள் செருப்பைப் போட்டுக்கொண்டு தனிய கேற்றைத் தாண்டிப் போகும். உங்கட குழுவுக்கு ஒரு சட்டம் வையுங்கோ: தெரியாத ஒராளோட கதைச்ச பிறகுதான் தெரிஞ்ச ஆளோட கதைக்கிறது. ஒரு பிளேன்ரீ குடுத்தா நிக்க ஒரு சாட்டு கிடைக்கும். பிறகு பொருத்தமான ஒராளிட்டக் கையளியுங்கோ, கம்பஸ் பிள்ளையை இளைஞர் மன்றத்திட்ட, வாடகைக்கு வந்த குடும்பத்தை அந்தப் பகுதி அன்பியத் (அயலில இருக்கிற கோயில் குடும்பங்களின்ர சின்னக் குழு) தலைவியிட்ட. போன் நம்பர் வாங்கினா வற்சப் குறூப்பில கேக்காமல் போடவேண்டாம்.

6. அடுத்த கிழமை

பேரை கொப்பியில எழுதி வைச்சு அடுத்த ஞாயிறு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. ரெண்டு மூண்டு தரம் வந்த பிறகு "பூசையில பைபிள் வாசகம் வாசிக்கிறியளே, பாடுவியளே" எண்டு கேளுங்கோ, காசுக்கதை அதுக்குப் பிறகும் வேண்டாம். வராமல் விட்டா ஒருக்காக் கோல் எடுத்துச் சுகம் கேளுங்கோ, வேற கோயிலுக்குப் போறன் எண்டு சொன்னா அங்கத்தைப் பூசை நேரத்தையும் விசாரிச்சுச் சொல்லி விடுங்கோ.