சுகர், மூட்டு வலி இருக்கறவங்களுக்கு மனசுக்கும் சிகிச்சை குடுப்பது எப்படி

சுகர் மாத்திரையை பாதியில விட்டா "எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு"ன்னு வீட்ல திட்டறோம். ஆனா சுகர் உள்ளவங்களுக்கு மனச்சோர்வு மத்தவங்களை விட அதிகமா வரும், அது வந்துட்டா மாத்திரை, சாப்பாடு, நடை எல்லாமே கை நழுவிடும், திட்டி ஒண்ணும் ஆகாதுங்க.

முதல்ல ரெண்டே கேள்வி கேளுங்க. போன ரெண்டு வாரமா எதுலயும் இஷ்டம் இல்லாம இருக்கா, மனசு சோர்ந்து நம்பிக்கையே இல்லாத மாதிரி இருக்கா. ரெண்டுல ஒண்ணு பாதி நாளுக்கு மேல இருந்தாலே டாக்டர்கிட்ட சொல்லணும். ரத்த சோகை, தைராய்டு இதாலயும் அதே அசதி வரும், அதனால ரத்த டெஸ்டும் கேளுங்க. "செத்துட்டா தேவலை"ன்னு பேச்சு வந்தா வெய்ட் பண்ணாதீங்க, தனியா விடாதீங்க, 14416க்கு உடனே போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம்.

இப்ப வலி. நம்ம தர்மபுரி பக்கம் புளோரைடு தண்ணிய வருஷக்கணக்கா குடிச்சவங்களுக்கு இடுப்பு, முட்டி புடிச்சுக்கும், ஒகேனக்கல் தண்ணி வந்தப்பறமும் எலும்புல ஏறுனது லேசுல போகாது. இவங்க செய்யறது என்னன்னா வலி கொறஞ்ச நாள்ல மொத்த களையும் ஒரே மூச்சுல எடுத்துட்டு அடுத்த ரெண்டு நாள் படுத்துடுவாங்க, அப்பறம் "நம்மால இனி எதுவும் முடியாது"ன்னு மனசு முடிவு பண்ணிடும். சிகிச்சையில இதை உடைக்கிற வழி ரொம்ப எளிசு: வலி இல்லாம 20 நிமிஷம் வேலை செய்ய முடியும்னா 15லயே நிறுத்தணும், நல்ல நாளா இருந்தாலும் சரி, கெட்ட நாளா இருந்தாலும் சரி, வலி சொல்றத கேக்காம கடிகாரம் சொல்றத கேக்கணும். மெதுவா கூட்டிக்கலாம். இதுல வீட்டுக்காரங்க அவசரப்படக்கூடாது, இதை நான் அழுத்தி சொல்றேன்.

அடுத்தது, அவங்களுக்கு முன்னாடி பிடிச்ச ஒரு வேலைய சின்னதா திரும்ப வைங்க. மாந்தோப்புக்கு போய் ஒரு ரவுண்டு, சந்தையில பத்து நிமிஷம், எதுவா இருந்தாலும் நேரம் குறிச்சு. இஷ்டம் வந்தப்பறம் போலாம்னு உக்காந்தா வராது, போனாத்தான் இஷ்டம் வரும்.

காலுல சின்ன புண்ணு வந்ததும் "காலையே வெட்டி எடுத்துடுவாங்க"ன்னு தூக்கம் போகுதா? "பயப்படாதே"ன்னு வாயை அடைக்காதீங்க. அந்த நினைப்பை பேப்பர்ல எழுத சொல்லுங்க, பக்கத்துல டாக்டர் என்ன சொன்னாரு, புண்ணு போன வாரத்துக்கு இப்ப எப்படி, இன்னிக்கு நாம என்ன செய்யலாம்னு எழுதுங்க. புண்ண டாக்டர்கிட்ட காட்டறத மட்டும் தள்ளிப் போடாதீங்க.

"மனநல டாக்டரா, நான் என்ன பைத்தியமா"ன்னு கோவம் வரும். "வலிய சமாளிக்க சொல்லித் தர்றவங்க, சுகர் டாக்டரும் இருப்பாரு"ன்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுலயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, மனநலப் பிரிவுன்னு கேளுங்க. ஓசூர் பக்கம் இருக்கறவங்களுக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியும் கிட்டத்தான். வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்காகிட்டயும் சொல்லி வைங்க, அந்த திட்டம் 2021ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சது.

கவுன்சிலிங் நடக்குதுன்னு சுகர் மாத்திரை, இன்சுலின் எதையும் நிறுத்தாதீங்க. தூக்கம், நடந்த நேரம், சுகர் அளவு மூணையும் ஒரு நோட்டுல எழுதி ரெண்டு டாக்டர்கிட்டயும் காட்டுங்க.