‘பிக் அப்’பைப் பிடிப்பது எப்படி?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூரிலிருந்து வரவிருந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். ஸ்டேஷனுக்கு வந்து உங்களை அழைத்துச் செல்கிறேன் என்பதுதான் சொல்ல வந்தது. எழுதியதோ ‘ஐ வில் பிக் யூ ஃப்ரம் தி ஸ்டேஷன்’. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ‘நன்றி. மொத்தம் எத்தனை பேரிலிருந்து?’

அது கேலி என்பதே எனக்கு மறுநாள்தான் புரிந்தது. ‘பிக்’ என்று மட்டும் எழுதினால் பலரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. ‘அப்’ கூட வந்தால்தான் போய் அழைத்து வருவது. அந்தச் சின்னச் சொல்லை விட்டுவிட்டதால், ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்தில் அவரைப் பொறுக்கி எடுக்கப்போவதாக உறுதி கொடுத்திருக்கிறேன்.

பிறகு அகராதியைத் திறந்தால் ‘பிக் அப்’புக்குப் பத்துக்கு மேல் பொருள். எண் போட்டு மனப்பாடம் செய்து பார்த்தேன். நான்காவதுக்கு வரும்போது இரண்டாவது மறந்துவிடும். கடைசியில் கைகொடுத்தது ஒரு தமிழ்ச் சொல்தான்: ‘பிடி’. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு இலக்கணச் செய்தி. ஒரு வினைக்குப் பின்னால் அப், ஆஃப், அவுட் போன்ற சிறு சொல் ஒட்டி, இரண்டும் சேர்ந்து வேறு பொருள் தந்தால் அதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். இந்தப் பெயரை 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் அச்சில் கொண்டுவந்தார். தனக்கு அதைச் சொன்னவர் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். பெயர் அந்நியமாக இருந்தாலும் சங்கதி நமக்குப் பழக்கமானதுதான். ‘நண்பனைக் கைவிட்டான்’ என்பதில் கையைத் தேடுவோமா?

படி 1: ‘பிடி’யை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, ‘பிடி’ வரும் வாக்கியங்களை யோசிக்காமல் எழுதுங்கள். பந்தைப் பிடித்தான். ரயிலைப் பிடித்தான். சளி பிடித்தது. வண்டி வேகம் பிடித்தது. வியாபாரம் சூடு பிடித்தது. நாய் மோப்பம் பிடித்தது. திருடனைப் பிடித்தார்கள். தப்பைப் பிடித்துவிட்டாள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

பத்து வாக்கியம், பத்துப் பொருள். ஒன்றைக்கூட நாம் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. பக்கத்தில் பந்து நின்றால் ஒரு பொருள், சளி நின்றால் இன்னொன்று. அண்டையில் நிற்கும் சொல்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. ‘பிக் அப்’பும் இதே சாதி. இன்னும் விசேஷம், அந்தப் பத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’பாகவே போகும்.

படி 2: பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்

வேகம் வந்தால் வேலை எளிது. ‘தி ட்ரெயின் பிக்ட் அப் ஸ்பீட்’ என்றால் ரயில் வேகம் பிடித்தது. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ‘தி டாக் பிக்ட் அப் தி சென்ட்’ என்றால் நாய் மோப்பம் பிடித்தது. ரேடியோ ஒரு நிலையத்தைப் பிடிப்பதும், மைக் பக்கத்து அறைப் பேச்சைப் பிடித்துவிடுவதும் இந்த வகைதான். கிதாரின் கம்பி அதிர்வை வாங்கி மின் அலையாக மாற்றும் உறுப்புக்குப் பிக்கப் என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

‘தி போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்றால் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. தன் வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் ஆங்கிலச் செய்தியை நான் அப்படித்தான் படித்துவிட்டு, நல்ல போலீஸ் என்று மெச்சிக்கொண்டேன். தப்பைப் பிடிப்பதற்கும் இது உண்டு. கணக்கில் உள்ள பிழையை அவள் கண்டுபிடித்தாள் என்பது ‘ஷீ பிக்ட் அப் தி எரர்’. சாடையாகச் சொன்னதை ஒருவர் சட்டென்று உணர்ந்துகொண்டால் மட்டும் ‘ஆன்’ ஒன்று கூடச் சேரும்: ‘ஹீ பிக்ட் அப் ஆன் தி ஹின்ட்’.

இனி சளிக்கு வருவோம். இங்கேதான் தமிழர் அதிகம் தடுக்கி விழுகிறோம். பொருள் அதே பிடிதான், ஆனால் வாக்கியம் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. தமிழில் ‘எனக்குச் சளி பிடித்தது’. பிடிப்பது சளி, அகப்படுவது நான். ஆங்கிலத்தில் ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட்’. பிடிப்பது நான், அகப்படுவது சளி! ஏதோ தெருவில் கிடந்ததைக் குனிந்து எடுத்துக்கொண்டு வந்தது போல. தமிழை அப்படியே பெயர்த்து ‘கோல்ட் பிக்ட் அப் மீ’ என்று எழுதினால், சளி காரில் வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போனது என்றாகிவிடும். நோய், பழக்கம் இவற்றில் மனிதர்தான் எழுவாய் என்பதை ஒரு தடவை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது என்பதற்கும் இதே அமைப்புதான்: ‘ஹீ பிக்ட் அப் எ பேட் ஹாபிட்’.

படி 3: பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டால்

சில வாக்கியங்களில் ‘பிக் அப்’போடு பேச்சு முடிந்துவிடும். அப்போது முன்னால் நிற்கும் எழுவாயைப் பாருங்கள்.

அது வியாபாரம், விற்பனை என்று இருந்தால் சூடு பிடித்தது. ‘சேல்ஸ் பிக்ட் அப்.’ ஒரு நுணுக்கம் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வியாபாரம் இன்னும் நன்றாக ஓடினால் இந்தச் சொல் அவ்வளவாகப் பொருந்தாது. மந்தமாகக் கிடந்தது எழுந்து நிற்க வேண்டும். தன் நிறுவனம் அமோகமாக நடக்கிறது என்று காட்ட நினைத்து ‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்று எழுதுபவர், நேற்று வரை படுத்துக் கிடந்தது என்று தாமே ஒப்புக்கொள்கிறார். எழுவாய் காற்றானால் வலுத்தது, நோயாளியானால் தேறிவருகிறார்.

எழுவாய் மனிதராக இருந்து, பேச்சு தொலைபேசியைப் பற்றியது என்றால், போனை எடுப்பது. ‘ஷீ இஸ் நாட் பிக்கிங் அப்’, அவள் எடுக்கவில்லை. தமிழிலும் ‘போன் எடுக்கவில்லை’ என்பதோடு ‘எடுக்கவில்லை’ என்று மட்டும் சொல்வதும் உண்டல்லவா? அதே சிக்கனம். நம்மில் பலர் ‘பிக் தி கால்’ என்கிறோம். ‘அப்’ இல்லாமல் அது மறுபடியும் பொறுக்கி எடுக்கும் கதைதான்.

இன்னொன்று, விட்ட இடத்தில் தொடங்குவது. ‘லெட் அஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்.’ விட்ட இடத்திலிருந்து பிடிப்போம்.

படி 4: ‘பிடி’ கைவிடும் இடங்கள்

எல்லாவற்றையும் ‘பிடி’ சுமக்காது. சிலவற்றைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

கீழே கிடக்கும் பேனாவைக் குனிந்து எடுப்பதும், அழும் குழந்தையைத் தூக்குவதும் ‘பிக் அப்’. மற்றப் பொருள்களெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை என்று வைத்துக்கொண்டால் ஒரு படம் கிடைக்கும். கிடந்த ஒன்று நம் கைக்கு வந்து சேர்கிறது. போகிற வழியில் கடையில் எதையாவது வாங்கிக்கொள்வதும், சலவைக்குக் கொடுத்த துணியைப் போய் வாங்கி வருவதும் அந்தப் படத்துக்குள் அடங்கும். சேர்ந்து சாப்பிட்டுவிட்டு ஒருவர் எல்லாருக்குமாகப் பணம் கொடுத்தால் ‘ஹீ பிக்ட் அப் தி பில்’. பில்லைக் கையில் எடுத்தவர் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நடைமுறை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கற்றுக்கொள்வதில் சற்று நிதானிக்க வேண்டும். ‘ஷீ பிக்ட் அப் ஃப்ரெஞ்ச் இன் சிக்ஸ் மன்த்ஸ்’ என்றால் ஆறு மாதத்தில் பிரெஞ்சு கற்றுக்கொண்டாள். ஆனால் உட்கார்ந்து இலக்கணம் படித்து, தேர்வு எழுதித் தேறியதாக அர்த்தமில்லை. பேசுகிறவர்களோடு இருந்து, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லி, தானாக ஒட்டிக்கொண்ட மொழி. தமிழில் இதற்குச் சரியான சொல் ‘பழகிக்கொண்டாள்’ என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே நீச்சலையும் சமையலையும் மொழியையும் ‘பிக் அப்’ செய்யலாம். ஐந்து வருடம் கல்லூரியில் படித்த சட்டத்தை அப்படிச் சொன்னால், அதை வழக்கறிஞரிடம் எழுத்து வேலை பார்க்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டதாக நினைப்பார்கள்.

ஆளை அழைத்துச் செல்வதற்கு வருவோம். ‘ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்’, ஆறு மணிக்கு வந்து அழைத்துச் செல்கிறேன். எதிர்ச்சொல் ‘டிராப் ஆஃப்’, கொண்டுபோய் விடுவது. ஒரு எச்சரிக்கை: முன்பின் தெரியாத ஒருவரிடம் காதல் நோக்கத்தோடு பேச்சுக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவதற்கும் இதே சொல்தான். ‘ஐ பிக்ட் அப் மை சிஸ்டர்’ என்பதில் எந்தச் சங்கடமும் இல்லை. ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள்’ என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவரின் புருவம் உயரும். யார், எங்கிருந்து என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

படி 5: சொல்லை எங்கே வைப்பது

‘பிக் அப் தி பென்’ என்றும் சொல்லலாம், ‘பிக் தி பென் அப்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ஆனால் பேனாவின் இடத்தில் இட், ஹிம், ஹெர், மீ, தெம் போன்ற சுட்டுச் சொல் வந்தால் அது கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும். ‘பிக் இட் அப்’ சரி; ‘பிக் அப் இட்’ தவறு. இதில் மன்னிப்பே கிடையாது, தொடக்கநிலையில் இருப்பவர் என்று உடனே தெரிந்துவிடும்.

பொருளின் பெயர் நீளமாக இருந்தால் அதைப் பின்னால் தள்ளிவிடுங்கள். நேற்று மேசையில் வைத்த சிவப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் முழுவதையும் நடுவில் செருகிவிட்டுக் கடைசியில் ‘அப்’ போட்டால், கேட்பவருக்கு மூச்சு முட்டும். சளி, வேகம், மோப்பம் போன்றவை ‘அப்’புக்குப் பின்னாலேயே வரட்டும்.

படி 6: வாய்விட்டுச் சொல்லுங்கள்

எழுத்தில் இரண்டு சொல், பேச்சில் ஒன்று. ‘பிக் அப்’ என்று இடைவெளி விட்டுச் சொல்பவர் யாருமில்லை. ‘பிக்கப்’ என்றுதான் ஒலிக்கும். இறந்த காலத்தில் ‘பிக்டப்’. நடுவில் இட் வந்தால் ‘பிக்கிடப்’. இது தெரியாமல் காது எங்கே ‘அப்’ என்று தேடிக்கொண்டிருக்க, வாக்கியம் போய்விட்டிருக்கும்.

அழுத்தத்தையும் கவனியுங்கள். வினையாக வரும்போது வழக்கமாக ‘அப்’ ஓங்கி ஒலிக்கும். பெயர்ச்சொல்லானால் அழுத்தம் ‘பிக்’கின் மேல் விழும். வண்டியில் பிக்கப் இல்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அது பெயர்ச்சொல். சாமான் ஏற்றும் பிக்கப் வண்டியும் அப்படியே. எழுதும்போது பெயர்ச்சொல்லைச் சேர்த்தோ நடுவில் சிறு கோடிட்டோ எழுதுவார்கள். வினையைப் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

படி 7: ஒரு பத்தியை உடைத்துப் பாருங்கள்

‘மை பிரதர் பிக்ட் மீ அப் அட் நைன். தி டிராஃபிக் வாஸ் ஸ்லோ, பட் வீ பிக்ட் அப் ஸ்பீட் ஆன் தி பிரிட்ஜ். ஐ கால்ட் தி ஆஃபிஸ். நோபடி பிக்ட் அப். ஹீ ஹேட் பிக்ட் அப் எ கோல்ட், அண்ட் பை ஈவ்னிங் ஐ ஹேட் பிக்ட் இட் அப் டூ.’

ஐந்து ‘பிக் அப்’ இருக்கின்றன. விடையைப் பார்க்குமுன் நீங்களே தமிழில் எழுதிப் பாருங்கள்.

முதலாவதில் நடுவில் நிற்பது ‘மீ’, ஒரு மனிதர், நேரமும் சொல்லியிருக்கிறது. எனவே வந்து அழைத்துச் சென்றான். இரண்டாவதில் வேகம் இருக்கிறது, யோசிக்க வேண்டியதில்லை. மூன்றாவதில் பின்னால் ஒன்றுமில்லை, முன்னால் அலுவலகத்தை அழைத்த செய்தி, யாரும் எடுக்கவில்லை. நான்காவது நம் பழைய சளி. ஐந்தாவதில் ‘இட்’ யார் என்று கேளுங்கள்: அதே சளி. இங்கே ‘நான் அதைப் பிடித்தேன்’ என்று எழுதியிருந்தால் மறுபடியும் இரண்டாம் படிக்குப் போங்கள். ‘சாயங்காலத்துக்குள் எனக்கும் பிடித்துவிட்டது’ என்று வந்திருந்தால் சரி.

அந்தப் ‘பிரதர்’ அண்ணனா தம்பியா என்று தெரியாமல் அழைத்துச் சென்றாரா, சென்றானா என்று தடுமாறியிருப்பீர்கள். அதற்கு ஆங்கிலத்திடம் விடை இல்லை. உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள்.