போஸ்ட்டாக் ஆய்வு வாய்ப்பைத் தேடுவது எப்படி? அறிவியல், பொறியியல் ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாய்ப்பைத் தேடிக்கொள்ளலாம் என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். விண்ணப்பம், மதிப்பீடு, முடிவு, விசா என ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே தேடத் தொடங்குங்கள்.

முதலில், வாய்ப்புகள் இரு வகைப்படும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து ஊதியம் கொடுத்து ஆளெடுப்பது ஒரு வகை. அங்கே ஆய்வுத் தலைப்பு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நீங்களே முன்மொழிவு எழுதி, உங்கள் பெயரில் ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) பெற்று ஓர் ஆய்வகத்தில் சேர்வது மற்றொரு வகை. முதல் வகைக்கான அறிவிப்புகள் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலும், ஐரோப்பாவைப் பொறுத்தவரை யூராக்செஸ் தளத்திலும் கிடைக்கும்.

அடுத்து, தகுதி விதிகளை வரிவரியாகப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி ஃபெல்லோஷிப்புக்கு, விண்ணப்பிப்பதற்கான கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் செல்லவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இதைக் கவனிக்காமல் முன்மொழிவை எழுதி முடித்தால் அத்தனை உழைப்பும் வீண்.

மூன்றாவது படி, ஆய்வுக் குழுவைத் தேர்ந்தெடுப்பது. அறிவிப்புகளுக்காகக் காத்திருப்பதைவிட இதில் செலவிடும் நேரமே அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஆய்வேட்டில் அடிக்கடி மேற்கோள் காட்டிய கட்டுரைகளை எடுத்து, அவற்றின் இறுதியில் உள்ள நன்றியுரையைப் பாருங்கள். நிதி தந்த அமைப்பின் பெயரும் பெரும்பாலும் திட்ட எண்ணும் அங்கே இருக்கும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் திட்டமானால் அதன் நிதித் தேடல் பக்கத்திலும், ஐரோப்பிய ஒன்றியத் திட்டமானால் கார்டிஸ் தளத்திலும் அந்த எண்ணை இட்டால், திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்பது தெரிந்துவிடும். நான்கே மாதங்களில் முடியவிருக்கும் நிதியை நம்பி ஆளெடுப்பது கடினம். அண்மையில் தொடங்கிய திட்டத்துக்கோ ஆள் தேவைப்பட வாய்ப்பு அதிகம்.

பிறகு கடிதம். "தங்கள் ஆய்வுகள் என்னைப் பெரிதும் கவர்ந்தன" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். மாறாக, இப்படி எழுதலாம்: "தங்கள் கட்டுரையின் நான்காம் படத்தில், 600 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் வைத்தபின் பீங்கானின் மின்கடத்துதிறன் குறைவதைக் காட்டியுள்ளீர்கள். என் மாதிரிகளில் துகள் எல்லைகளில் சேர்ந்த மாசு இதற்குக் காரணமாக இருந்தது. தங்கள் மாதிரிகளிலும் இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்." தம் கட்டுரையை ஊன்றிப் படித்த ஒருவரின் கடிதம் இது என்பது பேராசிரியருக்கு உடனே புரியும். இரண்டு பக்கத் தன்விவரக் குறிப்பை இணைத்து அனுப்புங்கள். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, உங்கள் முன்மொழிவையும் கொடுத்துவையுங்கள்.

இடம் கிடைத்ததும் உடனே ஒப்புக்கொள்ளாமல், அந்தக் குழுவில் முன்பு பணியாற்றிய ஒருவரிடமாவது பேசுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதங்களுக்கு, அது நீட்டிக்கப்பட்டதா, சொந்தமாக ஓர் ஆய்வுக் கேள்வியைத் தொடர அனுமதி இருந்ததா என்ற மூன்றையும் தவறாமல் கேளுங்கள்.